கபினி ஓடினால்தான் காவேரி

கேள்வி: தஞ்சை விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் வயலுக்கு மேலே பறக்கும் சுகோய் விமானங்கள், ‘காவேரி’ என்னும் நம் நாட்டு இன்ஜினில்தான் ஓடுகின்றன என்று என் தம்பி மகன் அடித்துச் சொல்கிறான். மெய்தானா?
– ஒரு வாசகர், பூதலூர்.

பதில்: முதலில் அந்த ‘வே’. நீங்கள் எழுதிய காவேரியை எங்கள் பிழை திருத்துநர் சிவப்பு மையால் வெட்டிக் காவிரி ஆக்கியிருந்தார். நான் மறுபடி கொம்பு போட்டேன். அவர் மறுபடி வெட்டினார். இது எங்களுக்குள் இருபது வருடச் சண்டை. சங்கப் பாட்டைக் காட்டி அவர் காவிரி என்பார். பின்னால் வந்த காப்பியத்தைக் காட்டி நான் காவேரி என்பேன். நடுவர் மன்றம் வைத்தாலும் தீராது. ஆனால் இன்ஜினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் காவேரி. இந்த ஒரு பக்கத்திலாவது வெற்றி எனக்கு.

உங்கள் தம்பி மகனுக்குத்தான் தோல்வி. சுகோய்-30ஐ இழுப்பவை ரஷ்யர்கள் வடிவமைத்த ஏஎல்-31எஃப்பி இன்ஜின்கள் இரண்டு. காவேரி, நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் போர் விமானத்துக்காக 1989இல் ஒப்புதல் பெற்றது. உருவாக்கும் இடம் பெங்களூரு என்றதுமே டெல்டாக்காரனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்த இன்ஜினின் உள்கருவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? கபினி! கர்நாடகத்தில் நம் ஆற்றோடு கலக்கும் துணையாற்றின் பெயர். கபினி ஓடினால்தான் காவேரி ஓடும். நம் ஊர் மிராசுதார் எவரும் இந்தப் பெயர் சூட்டு விழாவில் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பார். ஜூன் 12இல் மேட்டூரைப் பார்ப்பதுபோல விமானப்படை காத்துக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கு எடை கூடிற்று, உந்துவிசை குறைந்தது, கடைமடைக்கு எட்டவில்லை. 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் இப்போது அமெரிக்க எஃப்404 இன்ஜினில் பறக்கிறது. ஆற்றுப் பாசனம் பொய்த்தால் போர்செட் போடுகிறோம் இல்லையா, அதுதான்.

காவேரி பறக்கவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. 2010 நவம்பரில் ரஷ்யாவில், நான்கு இன்ஜின் கொண்ட ஐஎல்-76 விமானத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு இதை மாட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள். சாமி புறப்பாட்டில் பல்லக்குத் தூக்கும் நால்வரில் புதியவரை இப்படித்தான் பழக்குவோம்: மற்ற மூவரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், இவர் தோள் தாங்குகிறதா என்று பார்ப்போம். தோள் தாங்கிற்று. தனியாகத் தூக்கச் சொன்னதுதான் பிரச்சினை. இப்போது ஆளில்லா விமானத்துக்கு ஆகட்டும் என்று தேற்றிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கௌரவமான வேலைதான்.

உங்கள் தஞ்சைத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். 2013இல் புதுப்பித்துத் திறந்தார்கள். 2020 ஜனவரி 20இல் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்களோடு 222ஆம் படைப்பிரிவு வந்து சேர்ந்தது. சு-7, மிக்-27 எல்லாம் ஓட்டிப் பழகிய பழைய கை. அதன் பெயர் டைகர்ஷார்க்ஸ், அதாவது புலிச்சுறா. சோழன் ஊருக்குப் புலி பொருத்தம்தான். சுறா எப்படி வந்தது என்று நாகப்பட்டினத்து நண்பரிடம் கேட்டேன். “புட்டுக்குப் பால்சுறாதான் சரி, புலிச்சுறா வேண்டாம்” என்றார். பூண்டை மட்டும் குறைக்கக் கூடாதாம்.