‘கர்த்தர் நல்லவர்’ என்று பாட வாய் வராதபோது: டீச்சரிடம் சில கேள்விகள்

ராயபுரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வேதபாடம் நடத்தும் டீச்சருக்கு வடசென்னையின் பல சபைகளிலிருந்து வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

காசிமேடு: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டோம். ஜூன் 15-க்குப் பிறகு கடலுக்குப் போன போட் இன்ஜின் பழுதாகித் திரும்பி வந்துவிட்டது. சபையில் எல்லோரும் ‘கர்த்தர் நல்லவர்’ என்று பாடும்போது எனக்கு வாய் வரவில்லை டீச்சர். இது பாவமா?

பாவம் இல்லைம்மா. வாய் வராவிட்டால் பாட வேண்டாம். அந்த நேரத்தில் 13-ம் சங்கீதத்தைத் திறந்து வாசியுங்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் அது தொடங்குகிறது. 88-ம் சங்கீதம் இன்னும் மோசம். இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரிப் புலம்பல்கள்தான். நாம்தான் மீதியை மட்டும் பாடிப் பழகிவிட்டோம். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே முறையிடுவான்?

அப்புறம், கடன் விஷயத்தை வெறும் ஜெபக்குறிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். யாரிடம் எவ்வளவு, வட்டி என்ன என்று சபை மூப்பரிடம் உடைத்துச் சொல்லுங்கள். ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காதவர்களை, ‘அதனால் பயன் என்ன’ என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்டது மூப்பருக்கும் தெரியும்.

எண்ணூர்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. வலை, படகு எல்லாம் வீண். ‘இந்த ஊரின் பாவத்துக்குத் தண்டனை’ என்று ஓர் ஊழியர் பிரசங்கம் செய்தார். அப்படியா?

அந்தப் பிரசங்கத்துக்கு இயேசுவே பதில் சொல்லிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமிலிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, ‘அப்படியல்ல’ என்றார். லூக்கா 13-ல் இருக்கிறது.

பக்கெட்டும் மக்கும் எடுத்துப் போய்க் கையால் எண்ணெயை அள்ளியவர்கள் உங்கள் ஊர் மீனவர்கள். அவர்களைப் பார்த்துப் பாவிகள் என்று சொல்வதற்கு எப்படி மனம் வந்ததோ! அந்த எண்ணெய் வானத்திலிருந்து பெய்யவில்லை, மணலி ஆலைப் பக்கமிருந்து கால்வாய் வழியாக வந்தது. மனிதர் கையால் நடந்ததைக் கடவுள் தலையில் போட்டால், செய்தவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ராஜா பிடுங்கிக்கொண்டபோது, ‘எல்லாம் தேவசித்தம்’ என்று எலியா தீர்க்கதரிசி வீட்டில் உட்காரவில்லை. நேரே போய் ராஜாவிடமே கேட்டார். நஷ்டஈட்டுக்கு மனு கொடுப்பதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

பெரம்பூர்: பத்தொன்பது வயது மகனை பைக் விபத்தில் இழந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. நான் அவிசுவாசியாகிவிட்டேனா?

இல்லை தாயி. அந்த வசனம் யோபு தன் வாயால், தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது. அடுத்தவர் பிள்ளையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அதைச் சொன்ன யோபுவே மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

யோபுவின் சிநேகிதர் மூவரும் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதன்பிறகு வாயைத் திறந்தார்கள். தேவனுக்காக வக்காலத்து வாங்கிப் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் தேவன் என்ன சொன்னார்? யோபு பேசியதுதான் சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்று அவர்கள் மேல் கோபப்பட்டார். கத்தி அழுது நியாயம் கேட்ட மனுஷன் பக்கம்தான் தேவன் நின்றார்.

பெத்தானியாவுக்கு வாருங்கள். லாசரு செத்து நாலு நாள். மார்த்தாள் எதிரே போய், ‘ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்கிறாள். பிறகு மரியாளும் அதையே சொல்கிறாள். அது குற்றச்சாட்டுதான். இயேசு அவர்களை அதட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறார் என்று தெரிந்தும் நின்று அழுதார். ‘எல்லாம் சரியாகிவிடும், அழாதே’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அவரே அழுதார்.

உங்கள் மகன் ஏன் போனான் என்பதற்கு வேதத்தில் காரணம் எழுதியிருக்கவில்லை. யாராவது காரணம் சொன்னால் நம்பாதீர்கள். அவனை இனி ஒருநாள் பார்ப்போம் என்பது எழுதியிருக்கிறது. அதைக்கூட இன்றைக்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோபம் வரும்போது அதைக் கர்த்தரிடமே சொல்லுங்கள்.

வியாசர்பாடி: அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. 21 நாள் உபவாசம் இருந்தேன், ஒன்றும் மாறவில்லை. விசுவாசம் இருந்தால் டயாலிசிஸ் எதற்கு என்கிறார்கள். நிறுத்திப் பார்க்கலாமா?

நிறுத்தக் கூடாது. ஒரு நடைகூடத் தவறவிடாதே தம்பி, உயிர் விஷயம். நிறுத்தச் சொன்னவரிடம் 2 தீமோத்தேயு 4:20-ஐக் காட்டு. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் ஜெபக்கூட்டம் போடவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடி என்றார். அவரோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். நீயும் உபவாசம் போதும் என்று நிறுத்திவிட்டு நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க உனக்குத் தெம்பு வேண்டும்.

வண்ணாரப்பேட்டை: புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது, கர்த்தர் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். மார்ச்சில் வேலை போய்விட்டது!

அந்த அட்டையில் 10-ம் வசனத்தை அச்சடிப்பதில்லை. சிறைப்பட்டுப் போன யூதருக்குப் பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபிறகுதான் என்று அதில் இருக்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று 5-ம் வசனம். வாக்குத்தத்தம் பொய்யில்லை, அட்டைதான் சின்னது. வேலை தேடுங்கள்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி: கடவுள் நல்லவர் என்றால் இந்தத் துன்பங்களைத் தடுத்திருப்பார். தடுக்க முடியவில்லை என்றால் வல்லவர் இல்லை. இதற்கு என்ன பதில் ஆன்ட்டி?

இது கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க ஞானி எப்பிகூரஸ் பெயரில் இன்றும் சொல்லப்படுகிற கேள்வி. மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால் வந்த வினை என்று பாதிப் பதில் சொல்லலாம். எண்ணூர் எண்ணெய்க்கு அது பொருந்தும். 2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வந்த சுனாமிக்குப் பொருந்தாது. அதனால் நான் வாதத்தில் ஜெயிக்கப் பார்ப்பதில்லை.

நான் நம்புவதற்குக் காரணம் சிலுவை. ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பது 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. இயேசு அதைத் தொங்கிக்கொண்டே சொன்னார். நீ கேட்கிற கேள்வியை, அடிபட்ட இடத்திலிருந்து அவரும் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது. தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற தேவன் என்றால் எனக்கும் நம்பிக்கை வந்திருக்காது.

ராயபுரம்: எதிர் வீட்டில் சாவு. நாளைக்குக் காசிமேடு கல்லறையில் அடக்கம். போய் என்ன பேசுவது?

ஒன்றும் பேச வேண்டாம். இரண்டு பிளாஸ்கில் டீ கொண்டுபோங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து சாப்பிட வையுங்கள். மறுவாரம் கூட்டம் கலைந்தபிறகு இன்னொரு முறை போங்கள். அப்போதுதான் இறப்புச் சான்றிதழ், பேங்க், ரேஷன் கார்டு என்று அலைச்சல் இருக்கும். கூட வர ஆள் இருக்காது.