பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடி, அவரவர் இப்போது படிக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். நான் மெதுவாகப் படிப்பவள். என் முறை வரும்போது பாதிதான் தாண்டியிருப்பேன். அதிலும் சில இடங்கள் புரிந்திருக்காது. மற்றவர்கள் விமரிசகர்களைப் போலச் சரளமாகப் பேசுகிறார்கள். நான் "இன்னும் முடிக்கலை" என்று சொல்லி நழுவிவிடுகிறேன். போவதையே நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. நீங்கள் நழுவும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயமே இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது அந்த ஊரில் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அவர் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் அதைப் பார்த்ததுகூட இல்லை. பிறகு முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே படித்தார்கள்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கே அந்த நூல் பிடிபடவில்லை. சமண சமயச் செய்திகள் வரும் இடமெல்லாம் தடுக்கியது. சைவ மடத்தில் வளர்ந்த கல்வி அங்கே கைகொடுக்கவில்லை. ஐயர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் கோலம், மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், அந்த வீட்டில் சிந்தாமணி படித்து நிறைவு செய்த நாளாம்! எந்த நூல் தனக்குப் புரியவில்லையோ, அதைக் கொண்டாடிப் படிக்கும் மனிதர்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் என்ற கௌரவம் பார்க்காமல் அவர்களிடம் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. 'எனக்குப் புரியவில்லை' என்று வாய்விட்டுக் கேட்காமல் அது நடந்திருக்குமா?

இன்னொன்றும் யோசியுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அத்தனை வருஷமும் அதைப் படித்தவர்களில் ஒருவர்கூடக் கதையை முடித்தவர் இல்லை. அதற்காக யாராவது பேசாமல் இருந்தார்களா?

முடித்த பிறகு பேசுகிறவர்களுக்குத் தீர்ப்பு வந்துவிடும். நல்ல நாவல், சுமாரான நாவல் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் நிற்பவருக்குத்தான் இந்தப் பாத்திரம் ஏன் இப்படிச் செய்கிறது, அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு இருக்கும். அந்தத் தவிப்பைக் கேட்க எனக்கு எப்போதுமே ஆசை. விமரிசனத்தைப் பத்திரிகையில் படித்துக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முழுப் புத்தகத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஒரே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுங்கள். நூலகப் புத்தகம் என்பதால் பென்சில் வைக்காமல் துண்டுச் சீட்டு செருகிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பத்தியை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். அது ஏன் உங்களை நிறுத்தியது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். புரியாத இடம் என்றால், "இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் புத்தகத்தை முன்பே படித்தவர் இருந்தால், முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை.

முடிந்தால் முதல் ஆளாகப் பேச வாய்ப்புக் கேளுங்கள். சரளமாகப் பேசும் நாலு பேரைக் கேட்டுவிட்டு எழுந்தால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சந்தேகத்தோடு ஆரம்பித்தால், உங்களைப் போலவே பாதியில் நிற்கும் இன்னும் இரண்டு பேராவது அன்றைக்கு வாய் திறப்பார்கள்.