ஆபத்தில் உடனிருப்பவர்

ஐயா,
எட்டு மாதங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் என் கணவர் இறந்துபோனார். ஆண்டவர் காப்பார் என்று வரும் பாமாலைகளை இப்போது என்னால் பாட முடியவில்லை. ஜெபம் குறைந்ததால்தான் இப்படி ஆனது என்கிறார் சபையில் ஓர் அக்கா. பாடாமல் நிற்பது பாவமா? ஆராதனையில் டிரம்ஸ் வாசிப்பது சரியா?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

டிரம்ஸை விடுங்கள். அந்த அக்கா சொன்னதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பாதுகாப்பைப் பாடும் நம் பாட்டுகள் பலவற்றுக்கு வேர் வேதாகமத்தின் 91ஆம் சங்கீதம். பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்ற அதன் வசனத்தை மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் எடுத்துச் சொல்பவன் பிசாசு. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும் என்கிறான்; கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று அவர் மறுக்கிறார். விசுவாசம் இருந்தால் அடிபடாது, அடிபட்டால் விசுவாசம் இல்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் யாருடைய வாதத்தைப் பேசுகிறோம் என்று யோசிக்க வேண்டும். கெத்செமனேயில் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல விழ ஜெபித்த இயேசுவுக்கே துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லையே, அவருக்கும் ஜெபம் குறைந்துபோயிற்றா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த புத்தாண்டு ஆராதனையில், முதுநகரில், ஒருவர் எழுந்து, தம் வீட்டு வாசல்படியைக்கூடத் தண்ணீர் தொடவில்லை, கர்த்தர் காத்தார் என்று சாட்சி சொன்னார். மகளைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருவர் எனக்கு முன் வரிசையில் இருந்தார். உப்புநீரில் ஊறி உப்பிப்போன பாட்டுப்புத்தகத்தின் ஒட்டிய தாள்களை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. நன்றி சொல்வது தவறல்ல. ஆனால் இழந்தவர் காதுபட, என்னைக் காத்தார் என்று சொல்லும்போது, உன்னை விட்டுவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ஹிட்லரின் சிறையில் 1944 டிசம்பரில் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் எழுதிய கவிதை, நல்ல வல்லமைகள் தம்மைச் சூழ்ந்து காப்பதாகச் சொல்கிறது. கசப்பான பாத்திரம் தரப்பட்டாலும் வாங்கிக்கொள்வோம் என்றும் அதிலேயே வருகிறது. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கவிதையைச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 91ஆம் சங்கீதமும், ஆபத்தே வராது என்பதோடு நிற்காமல், "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. நான் பற்றிக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

பாடாமல் நிற்பது பாவமில்லை, அம்மா. வாய் வரும்போது பாடுங்கள். அந்த அக்காவின் பேச்சை உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் அவசியம் சொல்லுங்கள். அக்காவைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டியது ஐயரின் பொறுப்பு.