மாவ்ஃபிளாங் காடும் நெடுங்கற்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஷில்லாங் போகிறோம். பக்கத்தில் உள்ள மாவ்ஃபிளாங் புனிதக் காட்டில் பழைய நெடுங்கற்களைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நடக்கலாம் என்கிறார்களே, சரியா? (கோவை வாசகர்)

பதில்: இரண்டு வெவ்வேறு நடைகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஷில்லாங்கிலிருந்து மாவ்ஃபிளாங் சுமார் 25 கிலோமீட்டர். அங்குள்ள புனிதக் காடு 80 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவுதான். ஊர் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். அரை மணிச் சுற்று, ஒரு மணிச் சுற்று என இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு மணிச் சுற்றையே கேளுங்கள். முக்கியமான கற்கள் சில உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன.

நாள் முழுக்க நடப்பது டேவிட் ஸ்காட் பாதையில். அது மாவ்ஃபிளாங் பக்கம் தொடங்கி, உமியம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, லைட்சோமா ஊர் வழியாக ஏறி, ஷில்லாங் – சோஹ்ரா (சிரபுஞ்சி) சாலையில் உள்ள லாட் மாவ்ஃபிளாங்கில் முடிகிறது. சுமார் 16 கிலோமீட்டர். பழகிய கால்களுக்கு 5 மணி நேரம். குழந்தைகளோ புகைப்படப் பிரியர்களோ கூட வந்தால் 7. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் காட்டை ஓட்டமாகப் பார்ப்பீர்கள், பாதையில் இருட்டிவிடும். இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: அந்தக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வரக்கூடாதாமே? கீழே உதிர்ந்து கிடப்பதைக்கூடவா? (மதுரை வாசகி)

பதில்: உதிர்ந்த இலை, காய்ந்த சுள்ளி, கூழாங்கல், காளான் எதையும் எடுக்கக்கூடாது. காட்டைக் காப்பது லபாசா என்னும் தெய்வம் என்பது ஊரார் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் சுற்றிலும் புல்வெளியாகவும் பைன் மரங்களாகவும் மாறிப்போன மேட்டில் இந்த ஒரு துண்டுப் பழங்காட்டை விட்டுவைத்திருக்கிறது. விழுந்த மரமும் அங்கேயே மக்கவேண்டும். அதில்தான் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் முளைக்கின்றன. உள்ளே ருத்ராட்ச மரங்கள் உண்டு. நம்மவர்கள் சபலப்படுவது பெரும்பாலும் அங்கேதான்! வெளியே வரும்போது சட்டைப்பை, ஷூ மடிப்பு, குழந்தைகளின் கை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கற்களைப் பார்த்ததும் குங்குமம் இடுவது, கற்பூரம் ஏற்றுவது, காசு வைப்பது வேண்டாம். அங்கே வழிபாட்டு முறை வேறு. சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் கல்லின்மேல் படர்ந்திருக்கும் பாசியையும் கெடுத்துவிடும்.

கேள்வி: நின்ற கற்களும் படுத்த கற்களும் சேர்ந்தே இருக்கின்றன. இவையும் நம்மூர்க் கற்திட்டை (பலகைக்கற்களால் அமைத்த அறை) போல் இறந்தவர்களுக்கான ஈமச்சின்னங்களா? எப்படி நிறுத்தியிருப்பார்கள்? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: உங்கள் மாவட்டத்து மல்லசந்திரம் கற்திட்டைகள் இரும்புக்கால ஈமச்சின்னங்கள். இந்த மலைகளில் வாழும் காசி (Khasi) பழங்குடி மக்களின் நெடுங்கற்களில் பெரும்பாலானவை முன்னோர் நினைவாக நட்டவை. அடியில் எலும்பு இருக்காது. எலும்புகளை வைக்கக் குலத்துக்கென்று தனிக் கல்லறைகள் உண்டு. அந்த வகையில் நம் நடுகல்லுக்குத்தான் இவை நெருக்கம். ஆனால் நடுகல் பெரும்பாலும் தனி வீரனுக்கு, இது குலத்துக்கு.

பார்க்கத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு தொகுதியும் படிக்கக் கிடைக்கும். நிற்கும் கற்கள் பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வரிசையாக இருக்கும். நடுவில் இருப்பதே உயரம். அவை ஆண் கற்கள். முன்னால் சிறு கற்களின்மேல் மேசைபோல் கிடக்கும் பலகைக்கல் பெண் கல், தாய்வழி மூதாட்டிக்கு உரியது. காசி சமூகத்தில் குலம் தாய்வழியே வருவதால், நமக்குத் ‘தாழ்ந்து’ தெரியும் கல்தான் வரிசையின் ஆதாரம். மாவ்ஃபிளாங் காட்டில் நினைவுக்கற்களோடு சடங்குக்கான கற்களும் இருக்கின்றன. எது எதற்கு என்பதை வழிகாட்டியிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

1850இல் இந்த மலைகளுக்கு வந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், கல்லைப் பிளக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறார். பாறையில் பள்ளமாக ஒரு கோடு வெட்டி, அதன் நீளத்துக்கும் தீ மூட்டி, சூடேறியதும் குளிர்ந்த நீரை விடுவார்கள். திடீரெனச் சுருங்கும் பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். தூக்கி நிறுத்தக் கடப்பாறை போன்ற நெம்புகோலும் கயிறும்தான். மற்றதெல்லாம் ஆள்பலம்.

சாலையோரப் பலகைக்கற்களில் ஊர்க்காரர்களே உட்கார்ந்து இளைப்பாறுவதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டுப் புனிதக் காட்டுக்குள் இருப்பவற்றிலும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: டேவிட் ஸ்காட் பாதைக்கு எப்படித் தயாராவது? கூட வரும் அப்பாவுக்கு 64 வயது. (திருச்சி வாசகி)

பதில்: முதலில் நேரம். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். சென்னைக் கணக்கில் ‘ஆறு மணிவரை வெளிச்சம்’ என்று நினைத்துப் பத்து மணிக்குக் கிளம்புவதுதான் பலரைக் கடைசி ஏற்றத்தில் தவிக்கவிடுகிறது. காலை 8 மணிக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். 12 மணிக்குள் ஆற்றைக் கடந்திருக்கவேண்டும். கடக்காவிட்டால் வந்த வழியே திரும்புவதே நல்லது.

அடுத்தது ஷூ. பாதையின் பல பகுதிகள் பழைய கல் பாவியவை. தேய்ந்த கல்லில் பாசி ஈரம் சேர்ந்தால் எந்த ஷூவும் வழுக்கும். கல்லின் நடுவில் மிதிக்காமல் இரு கற்கள் சேரும் இடுக்கில், முழுப் பாதமும் படும்படி வையுங்கள். வீட்டில் நாலைந்து வருடம் சும்மா கிடந்த ட்ரெக்கிங் ஷூவை நம்பாதீர்கள். நுரைபோன்ற பாலியூரித்தேன் சோல், போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்துவரும். பார்க்கப் புதிதாக இருந்து, நடுவழியில் பொடிப்பொடியாகக் கழன்று விழும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அதைப் போட்டுக்கொண்டு 10 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஒரு பழைய கயிறும் பையில் இருக்கட்டும், சோலைக் கட்டிக்கொள்ள.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மதிய உணவு, மெல்லிய மழைச்சட்டை, டார்ச். வழியில் கடையை எதிர்பார்க்கவேண்டாம். கைபேசிச் சிக்னல் வந்துவந்து போகும். அதனால் வண்டிக்காரரிடம் லாட் மாவ்ஃபிளாங்கில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். சோஹ்ராவிலிருந்து திரும்பும் டாக்ஸிகள் மாலையில் நிரம்பியே வரும்.

அப்பாவைப் பொறுத்தவரை வயதைவிட முழங்கால்தான் கேள்வி. முதல் பாதி இறக்கம். வலி அங்கே தொடங்கினால் மீதி ஏற்றம் முழுக்கக் கூடவே வரும். வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது வலிக்கிறது என்றால் முழுப் பாதை வேண்டாம். அவர் புனிதக் காட்டின் ஒரு மணிச் சுற்றை நடக்கட்டும். அதில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. முழங்கால் நன்றாக இருந்தாலும் இரண்டு கைத்தடி கொடுங்கள், ஒன்று போதாது.

பாதையின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேவிட் ஸ்காட், அசாமையும் இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட்டையும் இந்த மலைகள் வழியே இணைக்க முயன்ற பிரிட்டிஷ் அதிகாரி. அந்தச் சாலை முயற்சியே 1829இல் நாங்க்லாவ் என்னும் காசி நாட்டின் தலைவர் தீரத் சிங்கின் எதிர்ப்புப் போரில் முடிந்தது. நடக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? அட்டை கடிக்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: நவம்பர் சிறந்தது; அக்டோபர் பிற்பகுதி முதல் மார்ச் வரை சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றுப் பாதையைத் தவிருங்கள்; பக்கத்தில்தான் சிரபுஞ்சி இருக்கிறது. மழை மாதங்களில் அட்டை நிச்சயம். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் உப்போ தீயோ வைக்காதீர்கள். உள்ளிருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தால் வாய்ப்பக்கத்தை ஓரமாகத் தள்ளி எடுத்துவிட்டு, கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் கசிவு கொஞ்ச நேரம் நீடிக்கும், பயப்படவேண்டாம்.

கேள்வி: நடக்க முடியாதவர்கள் பெரிய நெடுங்கற்களை எங்கே பார்க்கலாம்? (சேலம் வாசகர்)

பதில்: ஜெயிந்தியா மலையில் உள்ள நார்டியாங். ஷில்லாங்கிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்; வண்டியை விட்டு இறங்கினால் கற்கள்தான். உயரமானது சுமார் 8 மீட்டர். ஜெயிந்தியா அரசரின் தளபதி மார் ஃபலிங்கி நட்டது என்பது வழக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள்: அன்று ஷேர் சுமோ (பலர் சேர்ந்து போகும் வாடகை ஜீப்) மிகக் குறைவு, சாப்பாட்டுக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.