ஆசிரியர் பதில்கள்: ‘பாஸ்ட்யுமஸ்’ என்னும் சொல்

கேள்வி: மறைந்தவர்களுக்கு விருது அறிவிக்கப்படும்போது ஆங்கில நாளிதழ்கள் ‘பாஸ்ட்யுமஸ்’ என்ற பெயரடையைப் போடுகின்றன. ‘போஸ்ட்’ என்றால் பின், ‘ஹியூமஸ்’ என்றால் மண். ஆகவே ‘மண்ணில் புதைத்த பின்’ என்பதே அதன் மூலப்பொருள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரிதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒருவர் இறந்தபின் அவருக்கு வழங்கப்படுவது அல்லது அவருடையதாக வெளிவருவது என்ற இன்றைய பொருளில் சிக்கல் ஏதுமில்லை. மண்ணை வைத்துச் சொல்லப்படும் விளக்கம்தான் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது. இலத்தீனில் ‘போஸ்தெருஸ்’ என்றால் பின்னால் வருவது. அதன் உச்ச வடிவமான ‘போஸ்துமுஸ்’ என்பதற்கு எல்லாவற்றிலும் கடைசியானது என்று பொருள். அதில் மண்ணும் இல்லை, ‘எச்’ எழுத்தும் இல்லை. கடைக்குட்டியைக் குறித்து வந்த அச்சொல், நாளடைவில் தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளைக்கு உரியதாயிற்று. அத்தகைய பிள்ளைக்குப் பிறகு அந்தத் தந்தைக்கு வேறு வாரிசு வர வழியில்லை அல்லவா? கி.மு. 12இல் தளபதி அக்ரிப்பா இறந்த பிறகு பிறந்த அவருடைய மகனை, பேரரசர் அகஸ்டஸின் பேரனை, வரலாறு ‘அக்ரிப்பா போஸ்துமுஸ்’ என்றே அழைக்கிறது. உரோமச் சட்டத்திலும் இச்சொல்லுக்குக் கனம் அதிகம்: உயிலில் இடம் தராமல் விடப்பட்ட இத்தகைய பிள்ளை பிறந்துவிட்டால், தந்தை எழுதிய உயிலே முறிந்துபோகும். (நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 20ஆம் பிரிவில், தந்தை இறக்கும்போது கருவிலிருந்து பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கு முன்னரே பிறந்த பிள்ளைக்குரிய அதே உரிமையைத் தருகிறது.)

இவ்வாறு சாவோடு நெருங்கிவிட்ட சொல்லைப் பின்வந்தவர்கள், மண்ணைக் குறிக்கும் ‘ஹுமுஸ்’, புதைப்பதைக் குறிக்கும் ‘ஹுமாரே’ ஆகியவற்றோடு உறவுபடுத்தி, நடுவில் ஓர் ‘எச்’சைச் செருகிவிட்டார்கள். ஆங்கிலம் அந்த எழுத்தை அப்படியே வாங்கிக்கொண்டாலும் நாக்கு அதற்கு இணங்கவில்லை. அழுத்தம் முதல் அசையில் விழும், ‘எச்’ ஒலிக்காது. ஆகவே ‘போஸ்ட்-ஹியூமஸ்’ என்று பிரித்து உச்சரிப்பதை விட்டுவிடலாம்.

விருதுகளைப் பொறுத்தவரை, 1954இல் பாரத ரத்னா தொடங்கப்பட்டபோது மறைந்தவர்களுக்கு வழங்க அதில் இடமில்லை; 1955இல்தான் விதி திருத்தப்பட்டது. அவ்வகையில் முதலில் அதைப் பெற்றவர் லால் பகதூர் சாஸ்திரி (1966). காமராசருக்கு 1976இலும் எம்.ஜி.ஆருக்கு 1988இலும் அவர்கள் மறைவுக்குப் பின்னரே அது வழங்கப்பட்டது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பெயரடையை விருதுக்கோ நூலுக்கோ முன்னால்தான் போட வேண்டும். மறைந்த தலைவரின் பெயருக்கு முன்னால் போட்டால், தம் தந்தை இறந்தபின் பிறந்தவர் அவர் என்று ஆங்கிலம் தெரிந்தவர் புரிந்துகொள்ள இடமுண்டு.