அப்பாவின் கரண்டு வேலையும் மகனின் எஸ்பிஎம் முடிவும்

கேள்வி: என் மகன் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்துவிட்டான். மலாய் மொழி, கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரெடிட். வரலாற்றிலும் ஆங்கிலத்திலும் சாதாரணத் தேர்ச்சி. மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவான். கரண்டு வேலை படிக்க வேண்டும் என்கிறான். என் கணவர் 22 ஆண்டுகளாகக் குத்தகையாளர்களிடம் ஒயரிங் வேலை செய்பவர். "நான் ஏணி ஏறியது போதும், அவனாவது குளிர்சாதன அறையில் உட்காரட்டும்" என்கிறார். ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாக டிப்ளோமாவுக்கு இடம் தருகிறார்கள். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்கும், மாத இறுதிக்குள் 300 வெள்ளி கட்டிப் பதிந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு தாய், பிறை

பதில்: சகோதரி, அந்த 300 வெள்ளியை இப்போதைக்குக் கட்டாதீர்கள். தனியார் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கதவைத் திறப்பதில்லை. பல தவணைகளில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இந்தத் தவணை போனால் அடுத்தது வரும். அரசாங்கப் பயிற்சி நிலையங்களின் விண்ணப்பத் தேதி போனால்தான் பல மாதங்கள் காத்திருக்க நேரும். அவசரப்பட வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது உங்கள் கணவர் சொன்ன ஒரு வரி. செபராங் பிறையில் 26 ஆண்டுகள் மின்னியல் பட்டறையில் பயிற்றுநராக இருந்தவன் நான். அந்த வரியை எத்தனையோ தந்தையர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். வெயிலில் கூரைக்கு அடியில் புழுங்கியபடி ஒயர் இழுத்தவருக்குத்தான் அந்த வேலையின் வலி தெரியும். அவர் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இத்தனை ஆண்டுகளில் நீங்கள் ஒயரிங் செய்த வீடுகளுக்கு, வேலை முடிந்தபின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார்?

அவராக இருக்காது என்றே நினைக்கிறேன். மின்சார விநியோகச் சட்டம் 1990, அதன் கீழ் வந்த மின்சார விதிமுறைகள் 1994 ஆகியவற்றின்படி, ஒரு கட்டடத்தில் ஒயரிங் வேலை தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒயர்மேனின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வேலை சரியாக முடிந்தது என்று அவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சான்றிதழைத் தருவது எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா. ஏணியில் நிற்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர். கையில் சான்றிதழ் இருப்பவர் வேலைக்கு விலை பேசுகிறார். இல்லாதவர் நாள் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். இருவருக்கும் ஒயரைப் பற்றித் தெரிந்தது ஒன்றாகவே இருக்கலாம். சில சமயம் கூலிக்காரருக்குக் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

உங்கள் கணவர் பட்ட பாட்டில் பெரும் பகுதி கரண்டு வேலையால் வந்ததல்ல, சான்றிதழ் இல்லாமல் அதைச் செய்ய நேர்ந்ததால் வந்தது என்பது என் கணிப்பு. மகன் அதே வேலைக்குப் போனாலும் அப்பாவின் இடத்தில்தான் போய் நிற்க வேண்டும் என்பதில்லை. கல்லூரியா கைத்தொழிலா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எந்தப் படிப்பு அடுத்த படிக்குப் போக வழிவிடும், எது பாதியில் நிற்கும் என்று பாருங்கள்.

திறன் படிப்பில் படிகள் இப்படி இருக்கின்றன. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காவது நிலை மலேசியத் திறன் டிப்ளோமா, ஐந்தாவது திறன் உயர் டிப்ளோமா. இவற்றை வழங்குவது மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் ஜேபிகே என்ற திறன் மேம்பாட்டுத் துறை. டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டப்படிப்புக்கும் வழி உண்டு. பத்து பஹாட், மலாக்கா, பகாங், பெர்லிஸ் ஆகிய இடங்களில் இருக்கும் நான்கு அரசாங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் திவேட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்கல்வி வழியாக வருகிறவர்களையும் மனத்தில் வைத்து நடப்பவை. ஆகவே, கைத்தொழிலுக்குப் போனால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று உறவினர்கள் சொன்னால் கலங்காதீர்கள். அது பழைய காலத்துப் பேச்சு.

ஆனாலும் இந்தப் படிகளில் ஒரு வழுக்கல் இருக்கிறது. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையில்தான் நம் பையன்கள் அதிகமாக நழுவுகிறார்கள். இரண்டாம் நிலை முடித்த கையோடு பாயான் லெப்பாசிலோ பிறையிலோ ஒரு தொழிற்சாலை கூப்பிடும். மிகை நேர வேலையும் சேர்த்தால் கையில் நல்ல பணம் வரும். மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் படிப்புக்குத் திரும்புவது மிகவும் அரிது. பத்து ஆண்டுகள் கழித்து, தன்னைவிட இளையவர் தனக்கு மேற்பார்வையாளராக வரும்போதுதான் விட்டதன் அருமை தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகள் அப்படித் திரும்பி வந்து வாசலில் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மகன் இந்த வழியில் போவதானால் மூன்றாம் நிலை முடிக்காமல் வேலைக்குப் போவதில்லை என்று சேரும் நாளிலேயே அவனிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். எஸ்கேஎம் வேறு, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேறு. முதலாவது இருந்தாலே இரண்டாவது இருப்பதாக நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. மின்னியல் படிப்பில் சேர்க்கும் முன், "இந்தப் பயிற்சி முடித்தால் ஒயர்மேன் தேர்வு எழுத முடியுமா? உங்கள் நிலையத்தை ஆணையம் அங்கீகரித்திருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஒற்றைக் கட்ட ஒயர்மேன், மூன்று கட்ட ஒயர்மேன், அதற்கு மேல் சார்ஜ்மேன் என்று அந்த வழியிலும் ஏற்றம் இருக்கிறது. பெரிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் தங்கள் மின் நிறுவல்களைப் பார்த்துக்கொள்ளத் தகுதி பெற்ற ஆளை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், சார்ஜ்மேன்களுக்கு நம் ஊரில் எப்போதும் தேவை இருக்கிறது. அப்பா ஆசைப்பட்ட குளிர்சாதன அறை அந்த வேலையிலும் கிடைக்கக்கூடும்.

எங்கே சேர்ப்பது? பினாங்கில் இருப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஐஎல்பி என்று நாம் பழகிய நிலையங்களில் அதுவும் ஒன்று. நம்மவர் பெயர் தாங்கிய அந்த வாசலுக்குள் நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கெப்பாலா பத்தாசிலும் ஒன்று உண்டு. பாயான் லெப்பாசில் 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளின் ஈடுபாட்டோடு நடப்பது. அங்கே கட்டணம் உண்டு, ஆனால் தொழிற்சாலைகளுக்கு என்ன தேவை என்பது அதற்கு நெருக்கமாகத் தெரியும்.

உங்கள் மகனின் தேர்வு முடிவைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியான பொலிடெக்னிக். கணிதத்திலும் அறிவியலிலும் கிரெடிட் வைத்திருக்கும் பையன் மின்னியல் பொறியியல் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்காமல் இருக்கக் கூடாது. பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பொலிடெக்னிக் உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. தொழிற்பயிற்சியையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். கட்டணமோ தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. டிப்ளோமா என்ற சொல் அப்பாவின் மனத்துக்கு ஆறுதல் தரும். கையில் கருவி பிடிக்கும் வேலை மகனுக்குப் பிடிக்கும். எஸ்கேஎம் வழியில் பட்டறை நேரம் அதிகம், பொலிடெக்னிக்கில் கணக்கும் கோட்பாடும் அதிகம். புத்தகத்தோடு உட்கார அவனுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதை மட்டும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு பிரிக்கிறானா, கைப்போக்கில் பிரிக்கிறானா என்று கவனித்தாலும் ஓரளவு புலப்படும்.

பொலிடெக்னிக்குக்கு யூபியு என்ற அரசாங்க இணைய விண்ணப்பத் தளம் வழியாகவும், திறன் நிலையங்களுக்கு யூபி திவேட் தளம் வழியாகவும் விண்ணப்பியுங்கள். இரண்டையும் செய்யுங்கள். ஒன்றில் இடம் கிடைத்தபின் இன்னொன்றை விடுவது எளிது.

தனியார் கல்லூரியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்காய்வு, மருந்தாளுமை, சட்டம் போன்ற துறைகளில் பட்டம் இல்லாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. ஒரு பிள்ளை அதையே விரும்பினால் கடன் வாங்கியாவது படிக்க வைக்கலாம். உங்கள் மகனோ வணிக நிர்வாகத்தைக் கேட்கவே இல்லை. அது அவனைத் தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதான் கட்டணம் என்றாலும் முதலைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். பிடிக்காத படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடன் அவன் பெயரிலேயே நிற்கும். இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பொதுவான வணிக டிப்ளோமாவோடு போகிறவர்களின் முதல் சம்பளம் அதை ஒட்டியே அமைவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேரும் தொழில்நுட்பரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தொடங்குவார். ஐந்து ஆறு ஆண்டுகள் போனால்தான் வித்தியாசம் தெரியும். அதற்குள் ஒருவர் கடன் கட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் அடுத்த சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருப்பார்.

எந்த இடமானாலும் சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள். கல்லூரியானால் அந்தப் படிப்பு, அங்கீகாரம் தரும் எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் தேடுங்கள். விளம்பரத் தாளை நம்ப வேண்டாம். திறன் நிலையமானால் நீங்கள் கேட்கும் துறைக்கு, கேட்கும் நிலைக்கு ஜேபிகே அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிலையத்தில் ஒரு துறைக்கு மூன்றாம் நிலை வரையும் இன்னொன்றுக்கு இரண்டாம் நிலை வரையும் இருக்கலாம். பிறகு வரவேற்பறையில் உட்காராமல் பட்டறைக்குள் போக அனுமதி கேளுங்கள். மேசைக்கடியில் வெட்டிய ஒயர்த் துண்டுகள் கிடக்கின்றனவா? கிடந்தால் மாணவர்கள் கைவைத்துப் பழகுகிறார்கள் என்று பொருள். எத்தனை மாணவருக்கு ஒரு பயிற்சிப் பலகை? இரண்டு பேருக்கு ஒன்று என்றால் நல்லது. பத்துப் பேர் ஒன்றைச் சுற்றி நின்றால், எட்டுப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும்.

தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சான்றிதழ் பெறும் எஸ்எல்டிஎன் என்ற தொழில் பழகுநர் முறையும் 2005 முதல் இருக்கிறது. பயிற்சியில் பெரும் பகுதி வேலை இடத்திலேயே நடக்கும், உதவித்தொகையும் உண்டு. நல்ல நிறுவனம் அமைந்தால் இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. கற்றுக்கொடுக்காமல் பெட்டி தூக்க வைக்கும் இடம் அமைந்தால் இரண்டு ஆண்டு வீண். உங்களுக்கு அந்த நிறுவனத்தை நேரில் தெரிந்திருந்தால் ஒழிய, 17, 18 வயதுப் பையனுக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளுக்கும் இதே கணக்குத்தான். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தொழிற்சாலைகளை நிமிர்த்தி வைத்தவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் அசெம்பிளி வரிசையில் உட்கார்ந்த காலம் போய், இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் காலம் வந்திருக்கிறது. மகனுக்கு மட்டும் பட்டறையைக் காட்டிவிட்டு மகளை வேறு பக்கம் திருப்பாதீர்கள்.

மீண்டும் உங்கள் கணவருக்கு வருகிறேன். அவருக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலேயே, பல ஆண்டு அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி எஸ்கேஎம் பெறும் முறையை ஜேபிகே வைத்திருக்கிறது. பிபிடி என்பார்கள். முன்பே அடைந்த திறனை அங்கீகரிப்பது என்று பொருள். செய்த வேலைகளின் புகைப்படங்கள், முதலாளிகள் தரும் கடிதங்கள் எல்லாவற்றையும் தொகுத்துக் கோப்பாகக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சோதிப்பார். ஒயர்மேன் தேர்வு தனி என்று மேலே சொன்னேன். எஸ்கேஎம் கைக்கு வந்தபின் அதற்கும் தயாராகலாம். 22 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு வேலையில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். தேர்வுத் தாளை எப்படி எழுதுவது என்பதில் வேண்டுமானால் மகன் உதவுவான்.

அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் அவரை விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். எஸ்பிஎம் முடிவுத் தாள், அடையாள அட்டை நகலோடு மூவரும் காலையில் நிபோங் திபால் போங்கள், திரும்பும் வழியில் பெர்மாத்தாங் பாவ். எந்தத் துறைக்கு எந்தத் தவணையில் இடம், எந்த நிலை வரை, விடுதி உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் மகனைவிட அப்பாதான் அதிகம் கேள்வி கேட்பார். அவரை அவசரப்படுத்தாமல் கேட்க விடுங்கள்.