பழைய ரப்பர் புகைக்கொட்டகையை வீடாக்கலாமா? சுங்கை சிப்புட்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், துண்டாடப்பட்ட தோட்டங்களில் நிலம் வாங்கிய பலரிடம் ரப்பர் ஷீட் காயவைத்த செங்கல் புகைக்கொட்டகை ஒன்று சும்மா நிற்கிறது. அதை இடிக்காமல், கரண்டும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் வீடாக மாற்ற நினைப்பவர்கள் கேட்டவை இவை.

அண்ணே, கான்ட்ராக்டர் உடனே சிமெண்டு பூசி டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார். சம்மதிக்கலாமா? (லிந்தாங்)

வேண்டாம். முதலில் நில கிராண்டை எடுத்துப் பாருங்கள். ‘பெர்தானியான்’ என்று இருந்தால் அது விவசாய நிலம். தேசிய நிலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அதில் குடியிருப்பு வீட்டுக்கு ஓரளவு இடம் தருகிறது. ஆனால் கிராண்டில் தனி நிபந்தனை எழுதியிருந்தால் அதற்கும் கட்டுப்பட வேண்டும். வகையையோ நிபந்தனையையோ மாற்ற 124ஆவது பிரிவின்படி நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டட வரைபடம் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டும். காகிதம் முடிந்தபின் கூரை, கரி, ஈரம் என்ற வரிசையில் வேலை நடக்கட்டும். டைல்ஸ் கடைசி.

உட்சுவரும் கைமரமும் கரியும் பிசினுமாக இருக்கின்றன. மேலேயே சுண்ணாம்பு அடித்தால் மறையாதா? (ஜாலோங்)

மறையாது. அது வெறும் கரியல்ல, பல ஆண்டு விறகுப் புகையின் தார். எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சளாக மேலே ஊறி வரும். வெயிலில் தகரம் சூடானால் வாடையும் கிளம்பும். புகைத்தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு. எனவே என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

ஷீட் தொங்கவிட்ட பழைய பெரோத்தி மரச்சட்டங்களைக் கழற்றி வெளியே எடுங்கள். உலர்ந்த கரியைக் கட்டைத் தூரிகையால் தேய்த்து, பிளாஸ்டிக் விரிப்பில் விழவிட்டு அள்ளுங்கள். பிறகு 10 லிட்டர் வெந்நீரில் அரை கிலோ சலவைச் சோடா கரைத்து, சுவரின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் வழியும் நீர் காய்ந்த இடத்தில் கோடு போட்டுவிடும், பின்னால் அது போகாது. 10 நிமிடம் ஊறவிட்டு, நைலான் தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தெடுங்கள். மரத்தில் சோடாவை அதிக நேரம் விடாதீர்கள், நார் எழும்பும். அழுக்கு நீரை ஓடையில் விடாமல் தொட்டியில் தேக்கி, கசடைத் தனியே பிரித்தெடுங்கள்.

பிரெஷர் வாட்டர் ஜெட் வேண்டவே வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சாந்தை அது செங்கல் இடுக்கிலிருந்து பிடுங்கிவிடும். மணல் பீய்ச்சினால் செங்கல்லின் கெட்டியான மேல்தோல் போய்விடும், பிறகு சுவர் மழையைக் குடிக்கும்.

சுத்தமானதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியைச் சுவரில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். தேத்தண்ணிக் கறைபோல் மஞ்சள் படிந்தால் இன்னொரு சுற்று தேவை. அப்படியும் விடாத மரப்பகுதிகளுக்கு மட்டும் அரக்கு பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள்.

கூரையில் ஒரு பகுதி சாம்பல் நிற அலைஅலையான சிமெண்டு ஷீட். மாற்றலாமா? (சாலாக் வடக்கு)

சோதனைக்கூடம் இல்லையென்று சொல்லும்வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உடைக்கவோ, துளையிடவோ, ஏறி நடக்கவோ கூடாது. கழற்றும் வேலை தகுதியான ஒப்பந்தக்காரருடையது. நனைத்து, முழுத் தகடாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். அது ஊர்க் குப்பைமேட்டுக்குப் போகக்கூடாது.

தகரக் கூரை, ஜன்னலே இல்லாத சுவர். ஏர்கான் இல்லாமல் இருக்க முடியுமா?

முடியும். புகை வெளியேற முகட்டில் வைத்த திறப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதுவீடு கட்டுபவர் காசு கொடுத்துச் செய்துகொள்வது அது. சூடான காற்று அந்த வழியாக மேலே போக, கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். அழகுக்காகத் தட்டையான சீலிங் அடித்து அதை மூடிவிடுகிறார்கள். அதுதான் இந்த வீடுகளுக்குச் செய்யும் பெரிய கெடுதல். சீலிங் வேண்டுமானால் கூரைச் சரிவோடு ஒட்டிப் போடுங்கள், முகடு திறந்தே இருக்கட்டும்.

தகரத்துக்குக் கீழே குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி, பிறகு பளபளப்பான பக்கம் அந்த இடைவெளியைப் பார்த்தபடி அலுமினியத் தாள், அதன் கீழ் 50 மில்லிமீட்டர் ராக்வூல் என்ற வெப்பத்தடுப்புப் பஞ்சு. இடைவெளி இல்லாமல் தாளைத் தகரத்தில் ஒட்டினால் அது வெப்பத்தைத் தடுக்காது.

1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளின்படி ஜன்னல் பரப்பு அறைத் தரையில் குறைந்தது 10 விழுக்காடு, காற்று வரத் திறக்கும் பகுதி 5 விழுக்காடு. கொசுவலை காற்றை நன்றாகவே குறைக்கும், ஆகவே கணக்குக்கு மேலேயே வையுங்கள். சுவரை வெட்டுமுன் மேல்பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, திறப்பின் மேல் வரும் லிண்டல் விட்டம் இருபுறமும் 150 மில்லிமீட்டராவது சுவரில் உட்காரும்படி வையுங்கள். மூலையிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் வெட்டாதீர்கள். மேற்குச் சுவரில் ஜன்னலைச் சிறியதாக்கி, கூரையின் ஓரத்தை ஒரு மீட்டர் வெளியே நீட்டுங்கள்.

சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்கிறது. வாட்டர்புரூஃப் சிமெண்டு பூசலாமா?

பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் மேலே ஏறும். பழைய சிமெண்டுப் பூச்சைத் தட்டியெடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து, ஒரு கோட் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, சில நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வெளியே மண்மட்டம் உள்தரையைவிட 150 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். பல கொட்டகைகளில் மண் மேடேறித்தான் சுவர் கெட்டிருக்கிறது.

தரைக்கடியில் அடுப்புக் குழியும் புகைக்கால்வாயும் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து, கரியை அள்ளி வெளியே போட்டுவிட்டு, மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்காக இடித்து நிரப்புங்கள். அப்படியே விட்டால் தரை அமிழும், கரையானுக்கும் அது நேர்வழி.

கரையான்?

ஸ்குரூடிரைவரால் மரத்தின் அடிமுனைகளைக் குத்திப் பாருங்கள். செங்கால் என்ற கெட்டியான காட்டு மரம் பெரும்பாலும் தாங்கியிருக்கும். ரப்பர் மரத்தைத் தாங்கு மரமாகப் போடாதீர்கள், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது சுலபமான இரை. தூணுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே, ஓரம் 50 மில்லிமீட்டர் நீண்டு கீழ்நோக்கி வளைந்த கல்வனைஸ் தகடு வையுங்கள். அது கரையானை முழுக்கத் தடுக்காது. கரையான் கட்டும் மண்குழாயைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவரும், நீங்கள்தான் பார்க்க வேண்டும். பூச்சி அரிக்காமல் மரத்தில் பூசும் போரேட் கரைசல் மழை படாத உள்மரத்துக்கு மட்டும், மழையில் அது கரைந்தோடிவிடும்.

மழைநீர் எவ்வளவு கிடைக்கும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழைக்கு, சேதாரம் போக சுமார் 1,300 லிட்டர். முதல் 40 லிட்டரைத் தனிக் குழாயில் ஒதுக்கி வெளியே விடுங்கள், கூரை அழுக்கெல்லாம் அதில்தான். கழிவறைக்கும் செடிக்கும் துவைக்கவும் உதவும், குடிக்க வேண்டாம். வழிகுழாய்க்கும் காற்றுக்குழாய்க்கும் மெல்லிய வலை கட்டுங்கள், இல்லையென்றால் தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

சோலார்?

பேனலைக் கூரைத் தகட்டில் அல்ல, கீழேயுள்ள மரத்தில் பொருத்த வேண்டும். பேனலும் சட்டமும் சதுர மீட்டருக்கு சுமார் 15 கிலோ. கைமரத்தைப் பொறியாளர் பார்த்தபின் பேனல் வாங்குங்கள்.

கொட்டகையைச் சுற்றி கீரை, கத்தரி போடலாமா? (லிந்தாங்)

பக்கத்தில் களைக்கொல்லி மருந்து வைத்த ஸ்டோர் இருந்ததா என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். மலாயாத் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்லவும் பழைய மரங்களைச் சாகடிக்கவும் சோடியம் ஆர்சனைட் பரவலாகத் தெளித்தார்கள். ஷீட் உறையவைத்த பார்மிக் ஆசிட் மண்ணில் சிதைந்துபோகும். ஆர்சனிக் போகாது. ஐந்தாறு இடங்களில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து, ஆர்சனிக் என்று குறிப்பிட்டுக் கேட்டு, சோதனைக்கூடத்தில் கொடுங்கள். வழக்கமான உரச் சோதனையில் அது வராது. முடிவு வரும்வரை அடியில் தடித்த விரிப்புப் போட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிய உயர்ந்த பாத்தியில் மட்டும் பயிரிடுங்கள். கோழியையும் அந்த மண்ணில் மேய விடாதீர்கள்.